ஹம்போல்ட் ரெட்வுட்ஸில் இரண்டு இரவுகள்: முதன்முறை செல்வோருக்கு

வட கலிஃபோர்னியாவில் உள்ள ஹம்போல்ட் ரெட்வுட்ஸ் மாநிலப் பூங்காவுக்குப் போகிறவர்களில் பலர் மரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் ஓடும் ஆற்றைக் கவனிக்காமலே திரும்பிவிடுகிறார்கள். ஆனால் அந்தக் காட்டை ஆளாக்கியது ஈல் ஆற்றின் தென்கிளைதான். எந்த மாதம் போவது, எங்கே கூடாரம் போடுவது, எந்தப் பாதையில் நடப்பது என்று எழும் கேள்விகளில் பாதிக்கு ஆற்றைப் புரிந்துகொண்டாலே விடை கிடைத்துவிடும்.

பூங்காவின் பரப்பு சுமார் 53,000 ஏக்கர். அதில் 17,000 ஏக்கர் இதுவரை கோடரி படாத பழங்காடு. மிகப் பெரிய மரங்கள் எல்லாம் மலைச்சரிவில் இல்லை, ஆற்றோரச் சமவெளிகளில்தான் நிற்கின்றன. வெள்ளம் வரும்போதெல்லாம் ஆறு அங்கே வண்டலைக் கொட்டிவிட்டுப் போகும். அடிமரம் வண்டலில் புதைந்தால் மற்ற மரங்கள் பெரும்பாலும் மூச்சுத் திணறிப் பட்டுப்போகும். ரெட்வுட் மட்டும் புதைந்த அடிமரத்திலிருந்தே மேல்மண்ணில் புது வேர் விடும். இப்படி வெள்ளத்துக்கு வெள்ளம் உரமேறி நின்ற மரங்களைத்தான் நாம் பார்க்கப் போகிறோம்.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஆண்டுக்கு 60 முதல் 80 அங்குலம் மழை பெய்யும் இடம் இது. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் மே வரை கொட்டித் தீர்த்துவிடும். கோடையில் பகல் வெப்பம் 21 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை போனாலும் இரவில் 10 டிகிரிக்கு இறங்கிவிடும். ஜூலை மாதம்தானே என்று மெல்லிய போர்வையோடு வந்தவர்கள் விடியற்காலை மூன்று மணிக்குக் காரின் ஹீட்டரைத் தேடுவார்கள்.

முதன்முறை போகிறவர்களுக்கு ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவரை நல்ல காலம். ஆற்றில் தண்ணீர் குளிக்கும் அளவுக்கு இறங்கியிருக்கும், ஆகஸ்டில் தொல்லை தரும் பாசி இன்னும் பெருகியிருக்காது. ஓடைகளைக் கடக்க வைக்கும் தற்காலிகப் பாலங்களையும் கோடை தொடக்கத்தில்தான் போடுகிறார்கள், இலையுதிர் காலத்தில் எடுத்துவிடுகிறார்கள். ஏப்ரலில் வந்து புல் கிரீக் என்ற ஓடையின் மறுகரைக்குப் போக நினைத்தால் பாலம் இருக்காது. வெள்ள ஓடையை நடந்து கடக்க முயல வேண்டாம். மே மாதம் முதல் ஞாயிறன்று இங்கே மாரத்தான் நடக்கும். அன்று காலை சாலையில் கார் ஓட்டும் திட்டத்தை வைத்துக்கொள்ளாதீர்கள்.

முகாம் தளத்தைத் தேர்ந்தெடுப்பது

முன்பதிவு ரிசர்வ் கலிஃபோர்னியா இணையதளத்தில். நீங்கள் தங்கப்போகும் நாளுக்குச் சரியாக ஆறு மாதம் முன்னதாக, காலை 8 மணிக்கு அந்த நாள் திறக்கும். கோடை வார இறுதி வேண்டுமென்றால் 7:55க்கே கணக்கில் நுழைந்து, இடத்தின் எண்ணையும் முடிவு செய்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஓர் இடத்தில் அதிகபட்சம் 8 பேர். கூடுதல் காருக்குத் தனிக் கட்டணம். மதியம் 2 மணிக்கு உள்ளே போகலாம், கிளம்பும் நாளில் 12 மணிக்குள் காலி செய்ய வேண்டும். மின் இணைப்போ குழாய் இணைப்போ எந்த இடத்திலும் இல்லை. பெரிய கேம்பர் வண்டியில் போகிறவர்கள் ஒவ்வொரு இடத்துக்கும் குறித்திருக்கும் நீள வரம்பைப் பார்க்காமல் பணம் கட்டிவிடாதீர்கள். இங்கே வளைவுகள் குறுகல்.

கார் போகும் முகாம்கள் மூன்று. பர்லிங்டன், பார்வையாளர் மையத்தை ஒட்டியது, ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். ஒரு காலத்தில் வெட்டப்பட்ட பெருமரங்களின் அடிக்கட்டைகளுக்கு நடுவே, பிறகு வளர்ந்த மரங்களின் நிழலில் இருக்கிறது. சமதளம், சின்னக் குழந்தைகளுக்கு வசதி. இடங்கள் நெருக்கம், பகலில் சாலைச் சத்தம் கேட்கும். ஹிடன் ஸ்பிரிங்ஸ், மையர்ஸ் ஃபிளாட் ஊரை ஒட்டி மலைச்சரிவில் 150க்கும் மேற்பட்ட இடங்களோடு விரிந்து கிடக்கிறது. இங்கிருந்து ஆற்று மணல்திட்டுக்கு நடந்தே இறங்கலாம். ஆனால் படிபோல அமைந்த இடங்களில் கூடாரத்துக்குச் சமநிலம் சிறியது. ஆல்பி கிரீக், மட்டோல் சாலையில் ஐந்து மைல் உள்ளே, பழைய பண்ணையும் ஆப்பிள் தோப்பும் இருந்த புல்வெளியோரம். இந்தக் கடைசி இரண்டும் கோடையில் மட்டும்தான்.

எங்கள் பரிந்துரை: முதல் தடவை பர்லிங்டன், அடுத்த தடவை ஆல்பி கிரீக். வெயில் விழும் இடம் ஆல்பியில்தான் கிடைக்கும், ராக்கஃபெல்லர் காடு என்ற பழங்காடும் பக்கம். ஆனால் வழி தெரியாமல் இருட்டில் மட்டோல் சாலையில் போவது புதியவர்களுக்கு ஏற்றதல்ல. காட்டுக்குள் ஒரு கார் மட்டும் போகும் அகலமே பல இடங்களில் இருக்கிறது. மரங்களைச் சுற்றி வளைந்து போகும் சாலை அது.

பயணமும் சாமானும்

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து 101 நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் 225 மைல். நிறுத்தங்களோடு ஐந்து மணி நேரம் வையுங்கள். கடலோரமாகப் போகும் 1ஆம் எண் சாலை அழகுதான், ஆனால் முகாமில் இறங்கவேண்டிய நாளன்று அது வேண்டாம். லெகெட்டுக்கு முன்னால் வரும் வளைவுகளில் குழந்தைகள் வாந்தி எடுத்தே களைத்துவிடுவார்கள்.

கார்பர்வில்லில் பெட்ரோல், ஐஸ், காய்கறி, பால் எல்லாவற்றையும் வாங்கிவிடுங்கள். அதற்கு வடக்கே உள்ள சிற்றூர்களில் சின்னக் கடைகள்தான். முழுக் கடைவீதி வேண்டுமென்றால் ஃபோர்ச்சுனா வரை போகவேண்டும். செல்போன் சிக்னல் பல இடங்களில் அறுந்துபோகும். வரைபடத்தையும் முன்பதிவுச் சீட்டையும் போனில் முன்பே இறக்கி வையுங்கள், ஒரு காகித நகலும் இருக்கட்டும். குடும்பம் இரண்டு காரில் வந்தால் "போன் பண்ணிக்கலாம்" என்று விட்டுவிடாமல் சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

கார்பர்வில் தாண்டியதும் ஃபிலிப்ஸ்வில் அருகே 101ஐ விட்டு இறங்கி 254ஆம் எண் சாலையைப் பிடியுங்கள். அவென்யூ ஆஃப் த ஜயன்ட்ஸ் என்பது இதுதான். ஆற்றோடு ஒட்டி 31 மைல் போகிறது, கட்டணம் கிடையாது. நெடுஞ்சாலையிலிருந்து திரும்பியதும் கண் இருட்டும். முகப்பு விளக்கைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, பின்னால் வருகிறவருக்கு ஒதுங்கி வழிவிடுங்கள்.

கூடாரம் போடும்போது

மாலை 5 மணிக்குள் முகாமை அடையுங்கள். இந்த மரங்களின் அடியில் வெளியூரைவிட ஒரு மணி நேரம் முன்பாகவே இருட்டிவிடும். தலையில் மாட்டும் விளக்கு ஆளுக்கு ஒன்று தேவை.

கூடாரம் விரிக்குமுன் மேலே பாருங்கள். முறிந்து வேறு கிளையில் தொங்கும் கொப்பு இருந்தால் அதன் நேர்க்கீழே போடக்கூடாது, காற்றடித்தால் அது விழும். அடுத்து கீழே பாருங்கள். பெருமரத்தின் அடி வரை போய் முளை அடிக்காதீர்கள். 300 அடி உயர ரெட்வுட்டுக்கு ஆணிவேர் கிடையாது. வேர்கள் பத்துப் பன்னிரண்டு அடி ஆழம்தான் போகும், பக்கவாட்டில்தான் நூறு அடி வரை பரவும். நாள்தோறும் மிதிபட்டு மண் இறுகினால் அந்த வேருக்குக் காற்றும் நீரும் போகாது. பாதையை விட்டு விலகாதீர்கள் என்று பலகை வைத்திருப்பதும் இதனால்தான்.

மழை இல்லாத இரவிலும் மேலுறையைக் கட்டாயம் போடுங்கள். கடலிலிருந்து வரும் மூடுபனி இலைகளில் கோத்துச் சொட்டுச் சொட்டாய் விழும். காலையில் பார்த்தால் மழை பெய்தாற்போல இருக்கும். குளிருக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் இழுத்து மூடினால் உங்கள் மூச்சே உள்பக்கம் நீராக வழிந்து படுக்கையை நனைக்கும். மேல் ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள். கீழே விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தின் தரையைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கவேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சொட்டும் நீரைப் பிடித்து அடியில் கொண்டுவந்து சேர்த்துவிடும். முதன்முறை முகாமிடுவோர் நனைவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். நால்வர் கூடாரம் என்று போட்டிருந்தால் இரண்டு பெரியவர், ஒரு குழந்தை என்று கணக்கிடுங்கள். தூக்கப்பை உறைநிலை வரை தாங்குவதாக வாங்குங்கள், அடியில் பாய் மெத்தை தடிப்பாக இருக்கட்டும். குளிர் மேலிருந்து வருவதைவிட மண்ணிலிருந்து ஏறுவதுதான் அதிகம்.

சாப்பாடு, நெருப்பு, கரடி

ஒவ்வோர் இடத்திலும் மேசை, நெருப்பு வளையம், உணவுப் பெட்டி மூன்றும் உண்டு. கருங்கரடியும் ரக்கூனும் நடமாடும் காடு. வாசனை வரும் எதையும் கூடாரத்தில் வைக்கக்கூடாது. பிஸ்கட் மட்டும் என்று நினைக்காதீர்கள். பற்பசை, தேங்காய் எண்ணெய், குழந்தையின் லோஷன், நேற்றைய சாம்பார்ப் பாத்திரம் எல்லாமே பெட்டிக்குள் போகவேண்டும், தாழ்ப்பாளும் விழவேண்டும். இட்லி மாவு கொண்டுபோகிறவர்கள் டப்பாவில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். வழியிலேயே புளித்துப் பொங்கி ஐஸ்பெட்டி முழுதும் வழிந்துவிடும்.

கீழே சிந்தும் மிக்சர், சோற்றுப் பருக்கையையும் பொறுக்கி எடுங்கள். இந்தப் பழங்காட்டின் உயரக் கிளைகளில் மார்பிள்டு மர்லெட் என்ற கடற்பறவை முட்டையிடுகிறது, ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை. சிந்திய உணவுக்காகக் கூடும் ஜே பறவையும் அண்டங்காக்கையும் அந்த முட்டையைத் தேடித் தின்றுவிடுகின்றன. பருக்கையைப் பொறுக்குவது சிறு வேலைதான், ஆனால் அருகிவரும் ஒரு பறவைக்கு அதுவே காவல்.

காட்டில் கிடக்கும் சுள்ளியைப் பொறுக்கக் கூடாது, சட்டப்படியே தடை. ஊரிலிருந்து விறகு கட்டிக்கொண்டு வருவதும் தவறு. ஓக் மரங்களைக் கொல்லும் ஒரு நோய் இந்த மாவட்டத்தில் பரவியிருக்கிறது, பூச்சிகளும் விறகோடு பயணம் செய்யும். விறகை முகாமிலோ பக்கத்து ஊரிலோ வாங்குங்கள். ஓர் இரவுக்கு இரண்டு கட்டு போதும். ஈரக்காற்றில் பெரிய துண்டு சட்டென்று பற்றாது. ஒரு துண்டைச் சிறுவிரல் தடிமனுக்குச் சிலாம்பாகப் பிளந்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள். தீ அபாயம் கூடிய நாட்களில் விறகு நெருப்புக்கே தடை விழும். அதனால் சமையலை நெருப்பு வளையத்தை நம்பித் திட்டமிடாமல் கேஸ் அடுப்பு ஒன்று கொண்டுபோவது நல்லது.

நடைகளும் அந்த மண்ணின் கதையும்

முதல் வேலை, பார்வையாளர் மையம். அங்கே சார்லஸ் கெல்லாக் 1917இல் ஒற்றை ரெட்வுட் கட்டையைக் குடைந்து லாரியின் மேல் ஏற்றிச் செய்த வீட்டு வண்டி நிற்கிறது. காட்டைக் காக்கச் சொல்லி அதில் நாடெங்கும் போனவர் அவர். சாலைக்கு எதிர்ப்புறம் கூல்ட் க்ரோவ் சிற்றுலாப் பாதை, அரை மைலைவிடச் சற்றுக் கூடுதல். வந்த அன்று மாலைக்கு அதுவே போதும்.

அடுத்த நாள் காலை, கூட்டம் சேருமுன், ஃபவுண்டர்ஸ் க்ரோவ். அரை மைல் வட்டப்பாதை, சமதளம். நிற்கும் மரங்களைவிட இங்கே நேரம் செலவிட வேண்டியது விழுந்துகிடக்கும் டயர்வில் ஜயன்டிடம். சுமார் 362 அடி உயரத்தோடு நின்ற மரம், 1991 மார்ச் மாதம் மழையில் மண் ஊறியிருந்தபோது வேறொரு மரம் மேலே சாய்ந்து இதையும் வீழ்த்தியது. வேர்ப்பக்கத்திலிருந்து நுனியை நோக்கி நடந்துபாருங்கள், நூறு காலடி வைத்தாலும் நடை முடிவதில்லை. பெயர்ந்து நிற்கும் வேர்த்தட்டு ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்குக்கும் மேல். அதில் ஆணிவேர் எங்கே என்று குழந்தைகளைத் தேடச் சொல்லுங்கள். மேலே சொன்ன வேர்க்கதை அங்கே கண்முன்னே இருக்கும். முதுகில் பாசியும் ஃபெர்னும் முளைத்திருக்கும் அந்த மரத்தின் மேல் மட்டும் ஏறவேண்டாம்.

கீழே தரை முழுதும் விரிந்திருக்கும் மூவிலைச் செடி நம் புளியாரையின் உறவு. மேல்விதானத்தின் இடுக்கு வழியே வெயில் கற்றை ஒன்று அதன்மேல் விழும் வரை பொறுத்திருந்து பாருங்கள். சில நிமிடங்களில் மூன்று இலையும் குடை மடக்கியதுபோலக் கீழே சாயும், நிழல் திரும்பியதும் மறுபடி விரியும். நிழலுக்கே பழகிய இலை அது.

இந்தச் சமவெளி தப்பியது தற்செயலாக அல்ல. லொலாங்கோக் சின்கியோன் மக்கள் காலங்காலமாக வாழ்ந்த ஆற்றங்கரை இது. நெடுஞ்சாலை வந்த பிறகு இங்கிருந்த பெருமரங்கள் திராட்சைத் தோட்டத்து முளைக்குச்சிகளாகவும் கூரைச் சில்லுகளாகவும் வெட்டப்பட்டன. அதைக் கண்டு பதைத்தவர்கள் 1918இல் சேவ் த ரெட்வுட்ஸ் லீக் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மறு ஆண்டே ஹம்போல்ட் பெண்களும் தமக்கென ஓர் அமைப்பைக் கட்டினார்கள். 1921இல் முதல் தோப்பு பூங்காவானது. 1924 நவம்பரில் டயர்வில் சமவெளியில் மரம் வெட்டத் தொடங்கியிருப்பதைப் பார்த்த லாரா மஹன் அங்கேயே வழிமறித்து நின்றார். வழக்கறிஞரான கணவர் ஜேம்ஸ் தடையுத்தரவு வாங்க யுரேகாவுக்கு விரைந்தார். அந்த இருவருக்கும் பக்கத்திலேயே ஒரு நினைவுப் பலகை உண்டு. பெரும்பாலோர் அது வரை போவதில்லை, நீங்கள் போங்கள். 1931இல் ஜான் டி. ராக்கஃபெல்லர் ஜூனியர் தந்த 20 லட்சம் டாலர் உதவியோடு புல் கிரீக் சமவெளியும் வாங்கப்பட்டது. அதுவே இன்றைய ராக்கஃபெல்லர் காடு.

அன்றே பிற்பகல் அங்கே போகலாம். மட்டோல் சாலையில் திரும்பினால் ராக்கஃபெல்லர் லூப் என்ற குறுவட்டம் வரும், ஒரு மைலுக்கும் குறைவு. நேரம் இருந்தால் மேற்கே பிக் ட்ரீஸ் பகுதியில் ஓடைப் பாலத்தைக் கடந்து நடக்கலாம். இங்கே ஓடை ஏன் இவ்வளவு அகலமாக, கல்லும் சரளையுமாக இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சமவெளி பாதுகாக்கப்பட்டது, அதற்கு மேலே இருந்த மலைச்சரிவுகள் பாதுகாக்கப்படவில்லை. அங்கே மரங்கள் மொட்டையாக வெட்டப்பட்டன, தீயும் பரவியது. 1955 டிசம்பர் மழையில் சரிவுகள் சரிந்து ஓடையை நிரப்பின. பெருகிய நீர் கரையை அரித்து, பாதுகாக்கப்பட்ட பெருமரங்களையே நூற்றுக்கணக்கில் சாய்த்துவிட்டது. அதன் பிறகுதான் மேல்நீர்ப்பிடிப்பு முழுவதையும் பூங்காவோடு சேர்க்கத் தொடங்கினார்கள்.

1964 கிறிஸ்துமஸ் வெள்ளம் அதையும் மிஞ்சியது. வீயாட் ஊரில் சாலையோரக் கம்பத்தில் அன்றைய நீர்மட்டத்தைக் குறித்திருக்கிறார்கள், சாலையிலிருந்து சுமார் 33 அடி உயரத்தில். காரை நிறுத்தி அதன் கீழே ஒரு நிமிடம் நில்லுங்கள். கோடையில் கணுக்கால் அளவு ஓடும் ஆற்றைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால்தான் ஆற்றின் முழு உருவம் தெரியும்.

நன்றாக நடக்கக்கூடியவர்களுக்கு கிராஸ்ஹாப்பர் சிகரம், 3,379 அடி. முழுநாள் ஏற்றம், ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். இரண்டு இரவுப் பயணத்தில் அதைத் திணிக்க வேண்டாம்.

நடக்கும்போது கவனிக்க வேண்டிய செடி பாய்சன் ஓக். மா, முந்திரி, சேராங்கொட்டை எல்லாம் இருக்கும் குடும்பம்தான் அதுவும். சேராங்கொட்டைப் பால் பட்டால் தோல் எப்படிப் புண்ணாகும் என்று அறிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. மூன்று மூன்றாகப் பளபளக்கும் இலை, இலையுதிர் காலத்தில் சிவக்கும், குளிர்காலத்தில் வெறும் குச்சியாக நிற்கும்போதும் எண்ணெய் இருக்கும். பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், உடுப்பையும் துவையுங்கள். அரிப்பு ஓரிரு நாள் கழித்துத்தான் தொடங்கும் என்பதால் பலர் கழுவாமல் விட்டுவிடுகிறார்கள்.

நாய்க்குப் பாதைகளில் அனுமதியில்லை. முகாமிலும் ஆறடிக் கயிற்றில்தான் இருக்கவேண்டும்.

ஆற்றில் இறங்கும்போது

ஈல் என்றால் விலாங்கு. ஆனால் இந்த ஆற்றில் விலாங்கு கிடையாது. 1850 தொடக்கத்தில் பசியோடு வந்த ஜோசையா கிரெக் என்ற பயண ஆய்வாளரின் குழுவினர், உடைந்த வாணலித் துண்டுகளைக் கொடுத்து வீயாட் பழங்குடி மீனவர்களிடம் வாங்கித் தின்றது லாம்ப்ரே என்ற தாடையற்ற மீன். விலாங்கு என்று தவறாக நினைத்து ஆற்றுக்கே பெயர் வைத்துவிட்டார்கள்.

உயிர்காப்பாளர் இங்கே எங்கும் இல்லை. சரளை மேட்டுப் பக்கம் ஆழம் மெல்ல மெல்லக் கூடும். எதிர்க்கரையில் பாறையோ செங்குத்துக் கரையோ இருந்தால் அதன் அடியில் நீர் குடைந்து பள்ளமாக்கியிருக்கும். குழந்தைகளைச் சரளைப் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள், நீச்சல் தெரிந்தாலும் மிதவை உடுப்பு போடுங்கள். கல் சூடாகும், வழுக்கும். பிடிப்புள்ள பழைய செருப்பு வேண்டும்.

கோடையின் பின்பாதியில் நீர் குறைந்து சூடாகும்போது நச்சுப் பாசி வளரும். கல்லோடு ஒட்டிய கரும்பச்சை, பழுப்புப் பாய்போலவோ, பிரிந்து கரையோரம் ஒதுங்கிக் காய்ந்த ஏடுபோலவோ இருக்கும். இந்த ஆற்றில் அதைத் தின்ற நாய்கள் செத்திருக்கின்றன. எச்சரிக்கைப் பலகை இருந்தால் நாயை ஆற்றருகே விடாதீர்கள், குழந்தை வாயில் தண்ணீர் போகாமல் பாருங்கள். தேங்கிய ஓரத்தை விட்டு ஓடும் நீரில் நில்லுங்கள். அந்தத் தண்ணீரைக் காய்ச்சிச் சமைக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம், கொதித்தாலும் அந்த நஞ்சு போகாது. குடிக்கவும் சமைக்கவும் முகாம் குழாய் நீர் மட்டும்.

மீன் பிடிக்க 16 வயது நிரம்பியவர்களுக்கு மாநில உரிமம் தேவை. சால்மன், ஸ்டீல்ஹெட் விதிகள் பருவத்துக்குப் பருவம் மாறும்.

கிளம்பும் நாள்

12 மணிக்குக் காலி செய்ய 9 மணிக்கே தொடங்குங்கள். நனைந்த கூடாரம் காய அவ்வளவு நேரம் பிடிக்கும், ஈரத்தோடு மடித்துப் பரணில் போட்டால் அடுத்த முறை பூசணம்தான் விரியும். சாம்பலில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் வைத்துச் சூடு இல்லை என்று தெரிந்த பிறகே விட்டுப் போங்கள். உணவுப் பெட்டியின் பின்மூலையையும் பாருங்கள், அங்கேதான் எண்ணெய்ப் பாட்டில் தங்கிப்போகும்.

நேரே தெற்கே திரும்பாமல் பெப்பர்வுட் பக்கம் வடக்கே போனால் ட்ரூரி-சேனி பாதை இருக்கிறது. இரண்டரை மைல், முழுதும் சமதளம், கூட்டம் குறைவு, தரையெங்கும் புளியாரை. ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து 101 பக்கம்தான்.